பேனலின் மறுமுனை

ஜூன் 8, ஞாயிறு

டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. மொபைல் டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மங்கலாக ஒருத்தன் பிரியாணி கிண்டிக்கொண்டிருக்கிறான். அப்படியென்றால் பேனல் நன்றாக இருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் தருகிற எல்இடி பட்டைதான் போயிருக்கும். ஐடிஐ படிப்பு கண்டெய்னர் யார்டில் சீல் நம்பர் எழுதத்தான் பயன்பட்டது. இதற்காவது ஆகட்டும்.

அம்மா இருந்தால் இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே சீரியல் கேட்டிருப்பாள். வியாசர்பாடிக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "தண்ணி லாரிகிட்ட நின்னா ஒருத்தியும் மூஞ்சி குடுக்கல. நான் இன்னாத்துக்கு இங்க கீறது?"

ஜூன் 9

பின்மூடியைத் திறந்தேன். உள்ளே அனல்மின் நிலையத்துச் சாம்பல். எண்ணூரில் எதைத் திறந்தாலும் சாம்பல்தான். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பட்டைக்குக் கரண்ட் போகிற இடத்தில் மீட்டரை வைத்தேன். சுவிட்சு போட்டதும் வோல்டேஜ் எகிறுகிறது, உடனே விழுகிறது. எங்கோ ஒரு பல்பு அறுந்திருக்கிறது. ஒன்று போனால் மற்றதும் எரியாது.

ஜூன் 12

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பட்டை கிடைத்துவிட்டது. ஆள்தான் கிடைக்கவில்லை.

பட்டையை மாற்ற முன்னால் இருக்கிற பேனலைத் தூக்கி எடுக்க வேண்டும். நாற்பத்து மூன்று இஞ்ச் கண்ணாடி, அப்பளம் மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே சமமாகத் தூக்கணும். கொஞ்சம் முறுக்கினால் போச்சு. இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது? மார்ச்சில் ஒரு ராத்திரி தெருவுக்குப் பின்னால் இருக்கிற கம்பெனியில் கேஸ் லீக்காகி, தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியது. விடிந்ததும் எல்லாரும் "வுடக் கூடாது" என்றார்கள். புகாரில் கையெழுத்துப் போட்டது நான் மட்டும். அதிகாரிகள் வந்து கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். அங்கே காண்ட்ராக்டில் இருந்த எங்கள் தெரு ஆட்களுக்கெல்லாம் வேலை இல்லை. கேஸை விட்டவன் ஏசி ரூமில் இருக்கிறான். வயிற்றில் அடித்தவன் நானாம்.

ஜூன் 15, ஞாயிறு

எதிர்வீட்டு ஜானட் அக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் ஜேக்கப் அண்ணன் அந்தக் கம்பெனியில்தான் இருந்தார். இப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தூக்குகிறார்.

"இன்னா டில்லி, டிவிக்கு போஸ்ட்மார்ட்டமா?"

மார்ச்சுக்கு அப்புறம் இந்தத் தெருவில் எனக்கு விழுந்த முதல் பேச்சு. ஒரு பக்கம் பிடிக்கிறியாக்கா என்று கேட்டேன். நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நன்றாகவே பிடித்தாள். மேஜையிலிருந்து கட்டிலுக்குப் பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"கலெக்டர் ஆபீஸ்ல விசாரணையாமே. வாபஸ்னு எழுதிக் குடுத்துடு."

"அக்கா, மொதல்ல இத கட்டில்ல வெப்போம்."

"கைல இது கீறப்பதான் நீ ஓட மாட்ட. பதில் சொல்லு."

"அன்னிக்கி உனுக்கும்தான் கண்ணு எரிஞ்சிச்சி."

"எரிஞ்சிச்சி. ரெண்டு நாள்ல சரியா பூட்ச்சி. வயிறு மூணு மாசமா எரிஞ்சிகினு கீது, அதுக்கு யாராண்ட போயி புகார் குடுக்கறது? உன்னாண்டயா?"

கண்ணாடி இரண்டு பேர் கையிலும் இருந்தது. விடவும் முடியாது, கத்தவும் முடியாது. "வாபஸ் வாங்க மாட்டேன்கா" என்றேன், மெதுவாக. அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் தன் பக்கத்தைக் கட்டிலில் இறக்கினாள். ஒரு கீறல் இல்லை. கோபத்தில் போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை.

வாசலில் திரும்பி, "மாட்றதுக்கு ஆளு வோணும்னா எழுதிட்டு கூப்புடு" என்றாள்.

ஜூன் 16

எல்லாப் பட்டைகளையும் மாற்றியாயிற்று. சுவிட்சு போட்டால் அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். படம் வரவேண்டிய கண்ணாடி கட்டிலில் கிடக்கிறது.

ஜூன் 19

கட்டிலில் அது. தரையில் நான்.

ஜூன் 24

எழுதித்தான் பார்த்தேன். 'தவறான புரிதலால் புகார் அளித்துவிட்டேன்' — அதற்கு மேல் ஓடவில்லை. எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன்? மூச்சு முட்டினதையா?

காலையில் ஜேக்கப் அண்ணன் தெருவில் போனார். ஐஸ் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிவிட்டது. என்னைப் பார்க்காத மாதிரி போனார். நானும்தான்.

ஜூன் 26

கலெக்டர் ஆபீஸ் விசாரணைக்குப் போனேன். "உங்க தெருவிலிருந்து வேற யாரும் வரலையா?" என்றார் அதிகாரி. நான் மட்டும்தான் என்றேன். கம்பெனி ஆள் சிரித்தான். வாபஸ் இல்லை என்றேன். மூடியே வைக்கச் சொல்லவில்லை, லீக்கை அடைத்துவிட்டுத் திறங்கள், மூடியிருந்த நாளுக்கெல்லாம் அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்றேன். சம்பளம் என்றதும் அவன் சிரிப்பு நின்றது. "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். நாய்ப் பொழப்புடா இது.

வந்ததும் வராததுமாகப் பேனலைத் தனியாகவே தூக்கினேன். ஏன் அவ்வளவு அவசரம்? தெரியவில்லை. ஒருத்தனும் தேவையில்லை என்று இருந்தது. அடியில் போர்வையைச் செருகி, நெஞ்சில் சாய்த்து, பக்கவாட்டில் நடந்து — மாட்டும்போது ஒரு மூலை 'டிக்' என்றது. சின்னச் சத்தம்தான்.

ஜூன் 29, ஞாயிறு

படம் வருகிறது. கீழே இடது மூலையில் மட்டும் மை கொட்டின மாதிரி கறுப்பு. சாயங்காலம் மேட்ச் போட்டேன். ஜன்னலில் ஆள் நிழல். ஜேக்கப் அண்ணன், ஈர லுங்கியோடு. விசாரணையில் நான் பேசியது தெரு முழுக்கத் தெரியும். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஸ்கோர் இன்னா?"

"தெரிலண்ணா. ஸ்கோர் வர்ற மூலைதான் உடைஞ்சிச்சி."

எட்டிப் பார்த்தார். "ஒண்டியா தூக்குனியா?"

"ம்."

"லூசு. சவுண்டு வை, வாயால சொல்லுவானுங்க."

வைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விளம்பரம் ஓடும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.