பேயை நம்பாத மேகன்

அக்டோபர் 18, சனி. ஆலன், டெக்சாஸ்.

என் கணவர் முரளியின் ஆபீஸ் தோழி, வெள்ளைக்காரப் பெண் மேகனோடு பேய்ப்பட ரீமேக் ஒன்றுக்குப் போனோம். பழைய படத்தில் அமைதியே பயமுறுத்தும். இதில் வெறும் சத்தம். நடுவில், கார் நின்றுபோன வெள்ளைக்காரன் ஒருவன் முன்பின் தெரியாத வீட்டுக் கதவை இடிக்கிறான். வீட்டுக்காரி திறந்து காபி கொடுக்கிறாள். போன மாதம் டயர் பஞ்சராகி இவர் பக்கத்துத் தெருவில் ஒரு கதவைத் தட்டியபோது போலீஸ்தான் வந்தது.

வெளியே வந்ததும், பேயைத்தான் நம்பவே முடியவில்லை என்று மேகன் சிரித்தாள். இவரும் சிரித்தார்.

காரில், "போலீஸ் வந்தத அவகிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா அழுவா. அப்புறம் நான்தான் அவள கன்சோல் பண்ணணும். விடு, எக்ஸிட்ட மிஸ் பண்ணிடப்போறேன்."

வீடு வரும்வரை எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.