ஈட்டி அலமாரியின் இடது மூலை

நவம்பர் 4, செவ்வாய்

மட்டாஞ்சேரி பரீதாகிய நான் முழு நிதானத்தில் எழுதுவது: இந்தக் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதற்காக, பதினாறு யானைகள் தொடப் பயந்த ஈட்டி மர அலமாரியை இன்று தனியாளாக நகர்த்தினேன். அது சாய்ந்து விழுந்த சத்தம் ஆலுவா வரை கேட்டிருக்கும். கேட்டிருக்கக் கூடாது. தங்கச்சி நசீபா அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமை வருகிறாள்.

கதவின் இடது மூலை பெயர்ந்தது, கட்டைவிரல் நீளத்துக்கு. பெயர்ந்த துண்டு என் காலடியிலேயே தூள்.

மச்சான் ஷமீல் அவளுக்கு வாங்கிக் கொடுத்த அலமாரி. அவர் மௌத்தாகி மூன்று வருடம். காலையில் அந்தக் கதவைத் துடைக்காமல் அவள் சாயா குடிப்பதில்லை. என்ன சொல்வேன் அவளிடம்?

நவம்பர் 5, புதன்

ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட் வெளிச்சத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பி, சாயம் பூசினேன். அச்சு அசல்! உலகமே வியந்தது. (உலகம் என்றால் நான்.)

மதியம் ஜன்னலைத் திறந்தேன். பகல் வெளிச்சத்தில் கத்திரிக்காய் நிறம்.

நவம்பர் 6, வியாழன்

சுள்ளிக்கல்லிலிருந்து வீரலட்சுமியைக் கூட்டி வந்தேன். பாலிஷ் வேலை செய்பவள், சொந்த ஊர் தேனிப் பக்கம்.

“யாரு பாய் இதப் பண்ணது?”

“ஒரு பெரிய நிபுணர்.”

“அவர வெளிய போய் உக்காரச் சொல்லுங்க.”

உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தேன். என் பூச்சைச் சுரண்டி, பழைய ஈட்டித் துண்டொன்றை ரேகை ஓடும் திசை பார்த்து ஒட்டினாள். ஈரத்துணியால் ஒரு துடைப்பு. “நனைச்சாத்தான் பாய், பாலிஷ் ஏறுனா என்ன நெறம்னு மரம் சொல்லும்.”

நசீபா தினமும் துடைக்கும் கதவு என்று சொல்லியிருந்தேன்; போகும்போது கேட்டாள்: “அக்கா எத்தன மணிக்குத் தொடப்பாங்க? என்ன ஒசரம்?”

ஏழு மணி. என் தோளளவு. — இதெல்லாம் எதற்கு?

நவம்பர் 7, வெள்ளி

வீரலட்சுமி காலை ஏழுக்கே வந்துவிட்டாள். நசீபா நிற்குமிடத்தில் நின்று, முழங்காலை மடக்கி, நசீபாவின் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தாள். அந்த வெளிச்சத்துக்குத்தான் நிறம் கலந்தாள்.

நான் ஒரே பழுப்பு என்று நினைத்த இடத்தில் எட்டு நிறம் இருந்தது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள்... என் கத்திரிக்காய்கூட இருந்தது, ஒரு மயிரிழை. நாலு மயிர் உள்ள பிரஷ்ஷால் ரேகை வரைந்தாள். ஒன்று கோணிற்று, அழிக்கவில்லை.

“மரம் என்ன ஸ்கேல் வச்சா கோடு போடுது, பாய்?”

ஜும்ஆவுக்குப் போகும்வரை அவளுக்குச் சாய டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்!

நவம்பர் 8, சனி

நசீபா வந்தாள். பையை வைத்ததும் கதவைத் துடைத்தாள். மூலையையும் துடைத்தாள். சாயா போடப் போனாள். தப்பினாய் பரீதே, வாயை மூடு.

முடியவில்லை. அப்படியொரு வேலையை ஒருவரும் அறியாமல் போவதா?

“எடீ, நான் அந்தக் கதவ உடைச்சுப் போட்டேன். ஒரு பொண்ணு வந்து சரியாக்கினா.”

அவள் முகம் வெளுத்தது. “எங்க?”

காட்டப் போனேன். குனிந்தேன். கண்ணாடி மாட்டினேன். விரலால் தடவினேன். மூலை இருக்கிறது, பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது? அவளும் டார்ச் அடித்துத் தேடினாள். நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

“உங்க புளுகுக்கு என் அலமாரிதான் கெடச்சதா அண்ணே!” சிரித்தபடி சாயாவை நீட்டினாள்.

நாளை வீரலட்சுமியை வரச் சொல்லியிருக்கிறேன். அவளே காட்டட்டும்.

இந்த நோட்டில் மற்றதையெல்லாம் கொஞ்சம் ஊதித்தான் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது மட்டும் சத்தியம்.