கிள்ளான் போனியா?

அன்புள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு,

போனேன் அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போய்விட்டு வந்தேன். சனிக்கிழமை தவறாமல் நீங்கள் கேட்ட கேள்விக்கு, உங்களை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்துப் பதில் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். உங்கள் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறை என்னுடையது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

பங்சாரில் ஒரே கல்லூரியில் பதினெட்டு வருடம் சட்டம் நடத்தினோம். வகுப்பறைப் பக்கம் உங்களை 'ப்ரொபசர்' என்பேன், வாசல் தாண்டினால் அக்கா. சனிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் நாம் நடத்திய இலவச சட்ட உதவிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, இருக்காது, மீதிப் பேரின் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் இருக்காது. அவர்கள் சொல்வதைக் கேட்டு மலாயில் சத்தியப் பிரமாணம் எழுதுவோம். அடியில் ஒரு வரி வரும்: 'இதை இவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்; இவர் புரிந்துகொண்டார்.' அதற்குக் கீழே நம் கையெழுத்து.

வரிசை படிக்கட்டு வரை நின்றாலும் நீங்கள் ஒரு வரியை விட மாட்டீர்கள். விரலை வைத்து வைத்துப் படிப்பீர்கள். "இதென்ன அக்கா, சர்ச் பூசையில வாசகம் படிக்கிற மாதிரி" என்று நான் கேலி செய்தால், "நம்மள நம்பித் தெரியாத பாஷையில கைநாட்டு வைக்கிறாங்க தம்பி. அவங்க கதைய அவங்க காதால ஒரு தடவ கேக்கட்டும்" என்பீர்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து சரசு அம்மா வந்தார். வீட்டிலேயே பிறந்த மகள் கவிதா. தகப்பன் ஓடிப்போனதில் பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். பெண்ணுக்குப் பதினேழு வயது, கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நான்தான் உள்ளறையில் உட்கார்ந்து எழுதினேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினேன். கீழே பக்கத்துப் புடவைக் கடை வாசலில் என் காடி டபுள் பார்க்கிங்கில் நின்றது. எவனோ ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. "பாஸ், காடிய எடுங்க லா" என்று படியேறி வந்து கத்தினான் ஒருவன்.

"சார், என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்களேன்" என்றார் சரசு அம்மா.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, வைங்க" என்றேன். அவர் கைநாட்டு வைத்தார். படித்துக் காட்டினேன் என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சட்டம் சொல்லிக்கொடுக்கிறவன் செய்கிற காரியமா அது?

அந்தப் பழைய ஃபைல், யாரோ கோயில் வாசலில் விட்டுப்போன ஒரு குழந்தையுடையது. 'இக்குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்து வருகிறேன்' என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. ஷா ஆலம் பதிவு அலுவலகக் கவுண்டரில் "தத்துப் பிள்ளையா?" என்று கேட்டிருக்கிறார்கள். மலாய் படிக்கத் தெரிந்த கவிதா காகிதத்தை வாங்கிப் பார்த்திருக்கிறாள். அம்மாவின் கைநாட்டு வேறு தெளிவாக இருக்கிறது. ஒரு வாரம் அவள் அம்மாவோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் படியேறி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் காகிதத்தைக் கடைசி வரை படித்தீர்கள். என் கையெழுத்தைப் பார்த்தீர்கள். அது உள்ளே போகும்படி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "என் தப்பு கண்ணு. கண்ணுல புரை. வேற ஃபைல்ல இருந்தத மாத்தி எழுதிட்டேன். தம்பி கைநாட்டு மட்டும்தான் வாங்கினான்" என்றீர்கள்.

"அம்மாவும் இல்லங்குறாங்க, நீங்களும் இல்லங்குறீங்க. பேப்பர் வேற சொல்லுதே" என்றாள் கவிதா. நான் இரண்டடி தள்ளி, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு, "அக்கா" என்று ஆரம்பித்தேன். "எங்கிட்ட சொல்லாத. அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு. நான் பொய் சொல்றது என் மூஞ்சியிலயே தெரியும், அவ நம்பல. எழுதினவன்தான் போகணும்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. ஒவ்வொரு சனியும் நீங்கள் பையை மேசையில் வைக்கும்போதே கேட்பீர்கள்: "கிள்ளான் போனியா?" நானும் சளைக்காமல், "அடுத்த வாரம் அக்கா." ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டீர்கள். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அப்போதும் அதே பதில்தான் சொன்னேன்.

இதைவிடக் கேவலமானது இனிமேல்தான். கல்லூரியில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உங்கள் நேர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன், கைதட்டினார்கள். நீங்கள் ஏற்றுக்கொண்ட தப்பு உங்களுடையது என்றே கல்லூரி வரை பரவியிருந்தது. டீன் பேசும்போது, "கடைசி காலத்துல பாவம், கொஞ்சம் தடுமாறிட்டாங்க. அந்தக் கிள்ளான் விஷயம் நமக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் தலையாட்டினேன் அக்கா. ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட முடியாமல் எழுந்துவிட்டேன்.

போன ஞாயிறு கிள்ளானில் சரசு அம்மா வீடு நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னை உட்காரவைத்து தே ஓ, பாலில்லாத தேநீர், கொடுத்தார். குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், குடித்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

கவிதா கதவருகே நின்றாள். "அப்ப அந்தக் கதை யாரோடது?"

"வேற ஒரு பிள்ளையோடதும்மா."

"ஏன் படிச்சுக் காட்டல?"

"காடி டபுள் பார்க்கிங்ல நின்னுச்சு."

"ஒரு காடிக்காக" என்றாள். அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சரசு அம்மாதான் தாங்கவில்லை. "மேடம் மேல கோவமா இருந்தேனே சார். சாவுக்கு வந்தும், கிட்டப் போய் மொகத்தப் பாக்காம சர்ச் வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

கையில் கொண்டுபோயிருந்த புதிய பிரமாணத்தைப் பிரித்தேன். உங்களைப் போலவே விரலை வைத்துத் தமிழில் படித்தேன். மூன்றாவது வரியிலேயே மறித்தார். "இவ பொறந்தது காலைல ஆறு மணி இல்ல சார். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூல் பஸ் போயிடுச்சு. ஏழு இருக்கும்." திருத்தினேன். அன்றைக்கு ஒரு வரி படித்திருந்தால் போதுமே அக்கா.

அடுத்த வரியைப் படித்தேன்: 'கவிதா என் வயிற்றில் பிறந்த மகள்.'

"அத இன்னொரு தடவ படிங்க" என்றாள் கவிதா, கதவருகிலிருந்து.

படித்தேன்.

"மலாய்ல."

படித்தேன். அவள் வந்து என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்து, உதடு அசையத் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். சரசு அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "மிச்சத்தையும் படிங்க சார்" என்றார்.

திங்கட்கிழமை காலை டீன் அறைக்குப் போகிறேன், இந்தக் கடிதத்தின் நகலோடு. நீங்கள் மடித்து மறைத்த காகிதத்தை உங்கள் மேசை இழுப்பறையில் கண்டெடுத்தேன். அதை விரித்து, கையெழுத்து மேலே தெரியும்படி வைக்கப் போகிறேன். வேலை போகலாம், வக்கீல் உரிமமும் போகலாம். போகட்டும். கவிதாவின் கையில் குடியுரிமைக்கான நீல ஐசி வரும் வரை அவளோடு ஷா ஆலம் வரிசையில் நிற்பேன். வாங்கிய அன்று மூவருமாக உங்கள் கல்லறைக்கு வருகிறோம். சரசு அம்மா உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம்.

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்த பிறகே கையெழுத்திடுகிறேன், அக்கா.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
மோகன்