முன்வரிசையில் ஒரு கைக்குட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

சம்பளமில்லாமல் எல்லோரும் இழுத்துப்போட்டுச் செய்கிற எங்கள் நாடகக் குழுவை ஒருவழியாக நிமிர்த்திவிட்டோம். புதுப் பெயர், புதுப் பலகை. உள்ளே வருகிற எல்லோருக்கும் ஒரு வேலை என்று நானே சட்டம் போட்டேன். நேற்று முதல் காட்சி. அந்தச் சட்டப்படி வாசலில் நின்ற நம் ஆட்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்களையும் விளக்குக்கும் திரைக்கும் டீக்கும் அனுப்பிவிட்டார்கள். திரையைத் தூக்கினால் அரங்கில் ஒரு ஈ காக்காய் இல்லை!

"பார்க்க ஒரு ஆள் வேணாமா? சட்டம் போட்டவளே போய் உக்காரு!" என்று டைரக்டர் அக்கா கத்தினார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே கை தட்டினேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இரண்டு கைக்குட்டை அனுப்புங்கள் அம்மா. இருந்த ஒன்றை நேற்று உங்களுக்கு இடம் பிடிக்கப் பக்கத்து நாற்காலியில் போட்டேன். எடுக்க மனம் வரவில்லை.