பின்பக்கம்: மேற்படி

மார்ச் 4
பெட்டிகள் வந்து இறங்கின. பன்னிரண்டு மரப்பெட்டிகள், உள்ளே தொண்ணூற்றிரண்டு படங்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் நீர்வண்ண ஓவியங்கள், பென்சில் சித்திரங்கள். எல்லாம் இரவல். இன்று திறக்கக் கூடாது. காகிதம் இந்த அறையின் காற்றுக்குப் பழக ஒரு நாள் வேண்டுமாம். எனக்கு இந்தக் கட்டடம் பழக நாலு வருஷம் ஆயிற்று, ஒருவரும் பொறுக்கவில்லை.

மார்ச் 6
ஒவ்வொரு படத்தையும் விளக்கடியில் வைத்து மடிப்பு, கிழிசல், கறை எல்லாவற்றையும் எழுத வேண்டும். பென்சிலால்தான், பேனா அறைக்குள்ளேயே வரக் கூடாது. பிறகு தாங்கி நிற்கிற அட்டையைத் தூக்கிப் பின்பக்கமும் பார்க்க வேண்டும். அதைத் தூக்கும் உரிமை எனக்கு மட்டும். படங்களை எடுத்துக் கொடுப்பவர் பஞ்சு அண்ணன். கை அவ்வளவு மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியும்.

அறுபதாவது படத்தைத் தாண்டியதும் என் கண் பூத்துப்போனது. பின்பக்கம் எல்லாம் சுத்தம், சுத்தம், சுத்தம்.

"சாப்பிட்டு வந்து பாரேன் தங்கச்சி, படம் எங்கயும் ஓடிப்போகாது" என்றார் அண்ணன். முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். மிச்சத்தை நீள மேசையில் பரப்பி வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

கடைசி இருபதுக்கு நான் அட்டையைத் தூக்கவில்லை. முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கத்துக்கு 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே போனேன்.

மார்ச் 14
திறப்பு. வண்ணம் வெளிறாமல் இருக்க விளக்குகளை மங்கலாக வைத்திருக்கிறோம். "கரண்ட் பில் கட்டலையா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பிடித்தது 74-ஆவது படம்: ஆற்றங்கரை, மூன்று மாடுகள், மழை வரப்போகும் வானம். மேகத்துக்கு நடுவே வரைந்தவர் வண்ணமே பூசவில்லை, காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறார். அதுதான் வெளிச்சம்.

ஏப்ரல் 2
பூதக்கண்ணாடியோடு ஒருவர் வந்து, ஓர் ஆட்டுக்குட்டியின் காதை அரை மணி நேரம் பார்த்தார். என்னைவிட ஒழுங்காக வேலை செய்கிறார்.

மே 9
ஏசி ஒழுகிச் சுவரில் தண்ணீர் இறங்கிவிட்டது. பஞ்சு அண்ணன் ஓடிப்போய் 74-ஐக் கழற்றி நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். கண்ணாடியில் ரெண்டு சொட்டு, அவ்வளவுதான். எல்லோரும் கைதட்டினோம். அவருக்கு வெட்கம்.

ஜூன் 17
கண்காட்சி முடிந்தது. இரவல் தந்த அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மா வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். 74 வந்தது. அட்டையைத் தூக்கினார். பின்பக்கம், கீழ்மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு தண்ணீர்க் கறை.

"வரும்போது சுத்தம்னு உங்க அறிக்கை சொல்லுதே" என்றார்.

என் கையெழுத்து. மேற்படி.

அது பழைய கறையா, மே மாதம் வந்ததா? பார்த்திருந்தால்தானே தெரியும்!

ஜூன் 18
எல்லோரும் மே 9-ஐப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கைதட்டியவர்களே, "சட்டத்தைக் கழற்றி அப்பவே பாத்திருக்க வேணாமா?" என்கிறார்கள். அண்ணன் உள்ளங்கையைப் பார்த்தபடி நிற்கிறார்.

"ஈரக் கையோட தொட்டிருப்பேனோ?" என்று கேட்டார். என்னிடமே கேட்டார். அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 19
என் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பென்சில் எழுத்துதானே, ரப்பரும் பக்கத்தில் இருக்கிறது. 'கறை உண்டு' என்று மாற்றினால் அண்ணன் தப்பிப்பார். ஆனால் நகல் அன்றைக்கே இரவல் தந்தவர்களுக்குப் போய்விட்டது. போகாவிட்டாலும்தான் என்ன? எதைப் பாத்தேன்னு எழுதுவேன்? கறையையும் பாக்கல, சுத்தத்தையும் பாக்கல.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பேசாம இரு. உன்னை யாரும் கேக்கலையே?" என்றார்.

ஆமாம், கேட்கவில்லை. அண்ணனைத்தான் கேட்கிறார்கள்.

ஜூன் 20
இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இருபது பாக்கலைன்னா மீதி எழுபத்திரண்டை யாரும்மா நம்புவாங்க? இனிமே எவன் நமக்கு ஒரு துண்டுக் காகிதம் இரவல் தருவான்?" பிறகு குரல் தணிந்தது. "பஞ்சு அண்ணன் வேலை போகாது. இடம்தான் மாறும். நீங்க பாக்கலைங்கறதை அவர்கிட்ட சொல்லிட்டு இருக்க வேண்டாம்."

சரி என்றேன். ஏன் சரின்னு சொன்னேன்? கழுத்துல கத்தியா வெச்சாங்க?

ஜூன் 22
கவனக்குறைவு என்று தட்டச்சு செய்திருந்த தாளில் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாசலில் பார்வையாளர்கள் பை வைக்கும் கவுன்ட்டருக்கு மாற்றல்.

ஜூன் 30
பின்வாசல் வழியாகவே வந்து போகிறேன்.

ஜூலை 15
கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். பஞ்சு அண்ணனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். கையில் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாராம். "என் கைய நம்ப முடியாதுப்பா" என்று நாற்காலியின் பின்னால் போய் நின்றுகொள்கிறாராம். சொன்னவரும் சிரித்தார், கேட்டவர்களும் சிரித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11
இரவல் தந்தவர்களிடமிருந்து கடிதம். பழைய பதிவேடுகளைப் புரட்டினார்களாம். தொண்ணூறு வருஷத்துக்கு முன் 74 அவர்களிடம் வந்து சேர்ந்த அன்றே எழுதியிருக்கிறதாம்: பின்பக்கம், கீழ்மூலை, தண்ணீர்க் கறை. சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

இயக்குநர் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. கோப்புல வைங்க" என்றார். அண்ணனைத் திரும்ப அழைக்கலாமே என்று கேட்டேன். "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சேம்மா."

ஆகஸ்ட் 12
கடிதத்தை நகல் எடுத்துக்கொண்டு காலையில் முன்வாசலுக்குப் போனேன். அண்ணன் உதடு அசைய இரண்டு முறை படித்தார்.

"அப்ப நான் இல்ல" என்றார். முகம் முழுக்க வெளுத்துச் சிவந்தது. "நான் இல்ல தங்கச்சி!"

எனக்கும் ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. பிறகு அவர் மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"ஆனா நீ சுத்தம்னு எழுதியிருந்தியே. ஈரக் கையோட தொட்ட ஞாபகமே எனக்கு இல்ல. தங்கச்சி பாத்து எழுதினா தப்பா இருக்காது, நாமதான் எதையோ பண்ணிட்டோம்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பாக்கலண்ணா" என்றேன். "அன்னைக்கு நீங்க சாப்பிடப் போனீங்கல்ல... நான் தூக்கிப் பாக்கவே இல்ல."

அவர் திட்டுவார் என்று நின்றேன். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்திருந்தது.

"பை இருந்தா குடுங்க மேடம்" என்றார். "இல்லன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க."