வயிறு நசுங்கிய யுஃபோனியம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

ஒரு சின்னச் செய்தி, பதறாதே. டிரம்பெட்டை அழுத்தி அழுத்தி ஊதியதில் என் முன்பல் லேசாக ஆடுகிறது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் தொழிலில் சோறும் போய்விடும். "ஊதுற வாய் பெருசா இருக்கிற வாத்தியம் ஒண்ணையும் பழகிக்கோ, பல்லு பிழைச்சுக்கும்" என்றார் பேண்டு மாஸ்டர். அதனால் நேற்று ஒரு பழைய யுஃபோனியம் வாங்கினேன். பெரிய பித்தளை வாத்தியம், குழந்தையைப் போல மடியில் இருத்தி, கட்டிக்கொண்டு ஊதுவது.

கடைக்காரர் முதலில் பளபளவென்று ஒன்றை நீட்டினார். சுரம் மாற்றும் பிஸ்டன்களை விரலால் அமுக்கிப் பார்த்தேன். நடுவில் இருந்தது உள்ளே போனது போனதுதான். மூலையில் வயிறு நசுங்கி ஒன்று கிடந்தது. அதன் பிஸ்டன்கள் வெண்ணெயாக வழுக்கின.

"அதுவா? அடிபட்டது சார்."

"நானும் அப்படித்தான், குடுங்க" என்றேன். பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார்.

இங்கே விற்கும் துணி பித்தளையைக் கீறுகிறது. துடைப்பதற்கு உன் பழைய நூல் சேலை ஒன்றை அனுப்பு.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். சொல்ல மறந்தேனே, சேலையைத் துவைக்க மெனக்கெடாதே. உடுத்தியது உடுத்தியபடியே அனுப்பு.

பாப்பாவின் அப்பா