நாலாம் காம்பராவின் ஜன்னல்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் "சரி அக்கா, சரி அக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன், கடிதமென்றால் முழுசாய்ப் பேசித்தான் ஆக வேண்டும் என்று போன மாதம் கோபித்துக்கொண்டீர்கள். அதனால் எழுதுகிறேன். தோட்டத்து ஆபீசுக்குப் போட்டால் எப்போது கைக்கு வரும், யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. நீங்கள் சொன்னபடி பதுளை டவுன் பஸீல் நானா கடை விலாசத்துக்கே போடுகிறேன்.

விஷயம் இதுதான். நம் ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் ரோட்டைப் பார்த்திருக்கும் ஒற்றை லயத்தை, ஆமாம், நம் லயத்தைத்தான், ஒரு ஹோட்டல் கம்பெனி குத்தகைக்கு எடுக்கிறது. எல்ல டவுனில் இடம் கிடைக்காத வெள்ளைக்காரர்கள் இப்போது பதுளைப் பக்கமும் வருகிறார்களாம். நூறு வருஷத்துக் கல் சுவர், புகைக்கூண்டு, முன்வாசல் இஸ்தோப்பு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். உள்ளே மட்டும் இந்தக் காலத்து வசதி வேண்டும் என்கிறார்கள். வரைபடம் போடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. என் மேசைக்கே வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

வரைபடத்தின் ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு ஒன்றாய் இருக்கிற ஆறு காம்பராவும் இனி ஆறு ஹோட்டல் அறைகள். முன்னால் புல்வெளி, ரோஜாப் பாத்தி. கொழுந்துக் கூடைகளில் பூச்செடி தொங்கும். இஸ்தோப்புத் தூணுக்கு முதலில் என்ன நிறம் இருந்தது, அடுப்படி எப்படி இருந்தது என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? எழுதி அனுப்புங்கள்.

குடும்பங்களுக்கு மேல் டிவிஷனில் புது வீடு கொடுப்பார்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். நிலக்ஷனா உங்கள் கால் வலியை விசாரித்தாள்.

தம்பி,
றிச்சர்ட்

•

இயேசு மரி சூசை

கீழ் டிவிஷன், ஊசிக்கல் தோட்டம், பதுளை
18 பெப்ரவரி 2024

என் அன்புத் தம்பி றிச்சர்டுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போகவில்லை. உன் மனைவி நிலக்ஷனாவுக்கு அதைச் சொல். அவள் விசாரித்தாள் என்று நீ எழுதினாலும் விசாரித்தது நீதான் என்று எனக்குத் தெரியும்.

முதலில் கேட்டதற்குப் பதில். தூணுக்கு அடியில் முழங்கால் உயரம் கறுப்புத் தார், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. அடுப்படியில் மூன்று கல், சுவரில் ஒரு இரும்புக் கம்பி. சுவர்க் கறுப்பு பெயின்ட் அல்ல, அம்மாவின் நாற்பது வருஷத்து விறகுப் புகை. உன் வரைபடத்தில் அந்த இடத்தில் "கறுப்புப் பூச்சு" என்று எழுதியிருக்கிறாய். பூசித்தான் பார்க்கட்டும்.

வரைபடத்தைச் சுவரில் மாட்டி மூன்று நாள் பார்த்தேன். அழகாக வரைகிறாய். பொய் சொல்லவில்லை. காம்பராவுக்குள்ளேயே குளியலறை வைத்திருக்கிறாய். மழையில் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் பீலிக்குப் போய்ப் போய்த்தான் அம்மாவின் கால் போயிற்று. இப்போது நான் அதே பாதையில் போகிறேன்.

அப்புறம் பின்சுவரில் நீ வரைந்திருக்கும் அந்த ஜன்னல். தம்பி, இந்த லயத்தில் யாருக்கும் பின்சுவரில் ஜன்னல் கிடையாது. பகலிலும் லைட் போட்டுத்தான் அரிசி பொறுக்குகிறோம். ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு நான் ஆபீசுக்கு மூன்று தரம் மனு எழுதினேன். மூன்றாம் மனுவுக்குத்தான் பதில் வந்தது. லயத்தின் பழைய தோற்றம் கெட்டுவிடுமாம். வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்தால் கெடாத தோற்றம் நான் எட்டிப் பார்த்தால் கெட்டுவிடும் போலிருக்கிறது.

உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் நான் முப்பத்தொரு வருஷம் எழுதிய கரும்பலகையை நினைத்துப் பார். அடிப்பக்கம் கறையான் தின்றபோது வெட்டி எறிந்து புதுப் பலகை சேர்த்தோம். வருஷா வருஷம் கறுப்பு அடித்தோம். பழமை போயிற்று என்று யாரும் அழவில்லை, ஏனென்றால் எழுதுகிற பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பலகையை மட்டும் காப்பாற்றினால் அதற்குப் பள்ளிக்கூடம் என்றா பெயர்?

மேல் டிவிஷன் புது வீடுகளைப் போய்ப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றில் யாருடைய மாடோ கட்டிக் கிடக்கிறது.

ஆகவே நான் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. நானும் போகப்போவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. மற்ற ஐந்து அறைக்கும் ஜன்னலைச் சுவரின் நடுவில் வைத்திருக்கிறாய். நாலாம் காம்பராவுக்கு மட்டும் புகைக்கூண்டை ஒட்டி, மூன்றடி தள்ளி வைத்திருக்கிறாயே, ஏன்?

வெலிமடை விதையில் போட்ட லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது. பஸீல் நானாவின் லொறியில் ஒரு கட்டு அனுப்புகிறேன்.

அக்கா,
பவுலினா

•

கொட்டாஞ்சேனை
2 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

லீக்ஸ் கிடைத்தது. நன்றி.

ஜன்னல் அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் வெளிச்சம்தான். அங்கிருந்து ரயில் பாதை தெரியும். காலை ரயில் வளைவில் திரும்புவதைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி விளம்பரம் போடப் போகிறது.

பிடிவாதம் பிடிக்காதீர்கள். உங்கள் பெயர் தோட்டத்துப் பதிவில் இல்லை. அம்மாவின் காம்பராவில் நீங்கள் இருப்பதை ஆபீஸ் இதுவரை கண்டும் காணாமல் விட்டிருக்கிறது. ஒரு கடுதாசி போதும், வெளியே போகச் சொல்வார்கள். மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு மலையடிச் சுவரில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் அலுவலகத்தில் நான் பதுளை என்று மட்டும்தான் தெரியும். எந்த லயம், எந்தக் காம்பரா என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம். அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கம்பெனி முத்திரை உள்ள தாள் அது.

றிச்சர்ட்

•

இயேசு மரி சூசை

ஊசிக்கல் தோட்டம்
8 ஏப்ரல் 2024

என் அன்புத் தம்பிக்கு,

ஈஸ்டருக்கு வருவாய் என்று பலகாரம் சுட்டு வைத்தேன். பக்கத்துக் காம்பரா ஜீவராணியின் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். அதில் வருத்தமில்லை.

வரைபடத்தை அனுப்ப முடியாது. அது இப்போது வேலையில் இருக்கிறது.

போன வாரம் நம் சின்னராசா மேசனைக் கூப்பிட்டு உன் தாளைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "டீச்சரம்மா, இது படிச்ச ஆள் வரைஞ்ச கணக்கு. அளவு சொல்லிட்டாங்க. எனக்கு வெட்டுறது மட்டும்தான் வேலை" என்றார். இரண்டு நாளில் ஜன்னல் வந்துவிட்டது. பலா மரச் சட்டம், இரண்டு கதவு. வெளியே பார்த்தால் மற்ற சுவரெல்லாம் அதே பழைய கல்தான்.

நீ சொன்ன வெளிச்சக் கணக்கைச் சுவரே பொய்யாக்கிவிட்டது. சின்னராசா கடப்பாரை வைத்ததும் ஒரு கல் பால் பல் மாதிரிக் கையோடு வந்தது. பின்னால் சேற்றுப் பூச்சு, அதற்குள் மடித்து அடைத்த மண்ணெண்ணெய் டின் தகரம். அப்போது உனக்கு ஒன்பது வயது. அம்மாவின் கரண்டியால் மாசக்கணக்காய்ச் சுரண்டிச் சுரண்டி அந்தக் கல்லை எடுத்தாய், காலை ரயிலைப் பார்க்க. கங்காணி கண்டுபிடித்து ஆபீசில் சொன்னார். அப்பாவைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்து, மூன்று நாள் வேலையில்லை என்றார்கள். அன்று சாயங்காலம் நம் அப்பா, அந்தோனிப்பிள்ளை என்ற அந்த மனுஷர், ஒரு வார்த்தை உன்னைத் திட்டவில்லை. கல்லைத் திரும்ப வைத்து அடைத்தார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

கல்லை நான் வெளியே எறியவில்லை. இஸ்தோப்பில் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று ஆபீசிலிருந்து கடுதாசி வந்துவிட்டது. பதினான்கு நாளுக்குள் ஜன்னலை அடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் காம்பராவை விட்டுப் போக வேண்டும். சுவர் பலவீனமாகிவிட்டதாம். அப்பா அடைத்தார். அவருக்கு ஐந்து வயிறு இருந்தது. எனக்கு ஒரு வயிறும் பென்ஷனும் இருக்கிறது. நான் அடைக்க மாட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சுவர் உறுதியாக இருக்கிறது என்று உன் கையால், உன் பதவி போட்டு, ஒரு கடிதம் எழுதிக் கொடு. உறுதியாக இல்லாவிட்டால் அதையும் எழுது, சரிசெய்கிறேன். முடியாது என்றாலும் நீ என் தம்பிதான். கிறிஸ்மசுக்கு வா.

அக்கா,
பவுலினா

•

இயேசு மரி சூசை

ஊசிக்கல் தோட்டம்
26 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

பதினெட்டு நாளாய் உன் பதில் இல்லை. பஸீல் நானா என்னைக் கண்டாலே "இன்னும் வரலை டீச்சர்" என்று கடைக்குள்ளிருந்து தலையாட்டுகிறார். சரி. பதில் வராவிட்டாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து, துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை, கிளாக்கர், சிமெந்து வாளியோடு ஒரு மேசன் என்று மூன்று பேர் வந்தார்கள். மேசன் சின்னராசாவின் மருமகன். தரையைப் பார்த்தபடியே நின்றான். நான் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக மூன்று பேருக்கும் தேத்தண்ணி நீட்டினேன். வாங்காமல் இருக்க முடியவில்லை, மழை தூறிக்கொண்டிருந்தது.

யாரைக் கேட்டு உடைத்தீர்கள் என்றார் சின்னத்துரை. வரைபடத்தை எடுத்து விரித்தேன். "இது உங்க திட்டம்தான் சார். முத்திரையைப் பாருங்க. நாலாம் காம்பரா, பின்சுவர், ரெண்டரைக்கு மூணு அடி. நீங்க ஆரம்பிக்க நாளாகும்னு நான் முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன்" என்றேன்.

"அது ஹோட்டலுக்கு, டீச்சர்."

"காம்பரா ஒண்ணுதானே சார்."

கிளாக்கர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தார். சின்னத்துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குள் ஜீவராணியும் மற்றப் பெண்களும் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கூடையை இறக்கி வைத்து, அதன் பக்கத்திலேயே நின்றார்கள். கூடையில் பூச்செடி வைக்கப் போவது அவர்களுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். ஜீவராணி மட்டும், "சார், அந்த ரோஜாப் பாத்தி வர்ற இடத்துல இப்ப என் போஞ்சிக் கொடி நிக்குது. ரெண்டையும் ஒண்ணா விடலாமா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

மே பத்தாம் திகதி பொலிசோடு வருகிறேன், அதற்குள் படித்த ஒருவர் சுவருக்குக் கையெழுத்துக் கொடுத்தால் பார்க்கலாம் என்று சின்னத்துரை சொல்லிவிட்டுப் போனார். சிமெந்து வாளி இங்கேயே கிடக்கிறது. அந்தச் சிமெந்தை நம்பி ஜீவராணி தன் காம்பராவுக்கு ஜன்னல் வெட்டத் தொடங்கிவிட்டாள். இரண்டாம் காம்பராவும் தொடங்கியாயிற்று.

ஒரு சின்ன வருத்தம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நான் பூசைக்குப் போயிருந்த நேரம், தொப்பி போட்ட ஹோட்டல்காரன் ஒருவன் லயத்துக்குப் பின்னால் நின்று அளவு எடுத்தானாம். ஜீவராணி தண்ணீர் கொடுக்கப் போனாளாம், வேண்டாம் என்றானாம். அன்றிலிருந்து இஸ்தோப்பில் வைத்த கல்லைக் காணவில்லை. பழைய சாமான் என்றால் கல்லைக்கூட விட மாட்டார்கள் போலிருக்கிறது. ஜீவராணி கல்யாணமாகி வந்தது நீ ஊரைவிட்டுப் போன பிறகு. இல்லாவிட்டால் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லியிருப்பாள்.

நான் எங்கேயும் போகவில்லை. காலை ரயில் ஐந்து ஐம்பதுக்கு வளைவில் திரும்புகிறது. தினமும் பார்க்கிறேன், உனக்கும் சேர்த்து.

அக்கா,
பவுலினா

•

கொட்டாஞ்சேனை
4 மே 2024

அன்புள்ள அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. பஸீல் நானாவின் லொறியிலேயே கொடுத்து அனுப்புகிறேன், பத்தாம் திகதிக்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

சின்னராசா அண்ணனிடம் சொல்லுங்கள்: நான் அளந்து பார்த்ததில் மேல் சட்டம் வலது பக்கம் சுவருக்குள் ஆறு அங்குலம் போயிருக்கிறது, சரி. இடது பக்கம் நாலுதான். இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் குறை. சுவர் நூறு வருஷம் நின்றது, இன்னும் நிற்கும். ஜீவராணி வீட்டுக்கு அளவு மாற்ற வேண்டும், அங்கே கல் சின்னது. தனித் தாளில் வரைந்திருக்கிறேன். ஆறு காம்பராவுக்கும் வரைந்திருக்கிறேன். போஞ்சிக் கொடியையும் வரைந்திருக்கிறேன், அது இருக்கும் இடத்திலேயே.

நீங்கள் கேட்ட கடிதம் உள்ளே இருக்கிறது. பிரதி தோட்டத்துக்கும் கம்பெனிக்கும் போயிற்று. எங்கள் அலுவலகத்துப் பெரியவர் என்னைக் கூப்பிட்டுத் திரும்பப் பெறச் சொன்னார். முடியாது என்றேன். உனக்கென்ன அந்த லயத்தோடு என்றார். சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து ஹோட்டல் வேலையை வேறொருவர் பார்க்கிறார். எனக்கு என்ன வேலை என்று இன்னும் சொல்லவில்லை. நிலக்ஷனா உங்கள் பக்கம். இதை அவளே எழுதச் சொன்னாள்.

ஒவ்வொரு வரைபடத்திலும் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். யாருக்காக வரைந்தது என்று அதில் எழுத வேண்டும். முதல் தாளில் கம்பெனி பெயர் இருந்தது. இந்தத் தாளில், "வீட்டுக்காரர்: அ. பவுலினா, நாலாம் காம்பரா" என்று எழுதியிருக்கிறேன். சட்டப்படி அது இன்னும் உண்மையில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மையில் எழுதினேன்.

ஒன்பதாம் திகதி இரவு ரயிலில் வருகிறேன். காலையில் வளைவில் திரும்பும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். இந்த முறை நான் ரயிலிலிருந்து ஜன்னலைப் பார்க்கப் போகிறேன். பொலிஸ் வரும்போது நானும் உள்ளேதான் இருப்பேன்.

கல்லைத் தேட வேண்டாம். அது என் மேசையில் இருக்கிறது. தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். எங்கே கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு, எங்கள் வீட்டுக் கல் என்று சொல்கிறேன்.

உங்கள் தம்பி,
அந்தோனிப்பிள்ளை றிச்சர்ட்
ஊசிக்கல் தோட்டம், கீழ் டிவிஷன், நாலாம் காம்பரா